கணக்கெடுப்பும் காவலும்

அரசாங்கம் குடிமக்களிடம் இரண்டு வகையாக வருகின்றது. சில வேளைகளிற் கட்டளையோடு வருகின்றது. சில வேளைகளிற் கேள்வியோடு வருகின்றது. கட்டளையோடு வரும்போது நாம் விழித்துக்கொள்கின்றோம். கேள்வியோடு வரும்போதோ பெரும்பாலும் அலட்சியம் செய்கின்றோம், அல்லது ஐயுறுகின்றோம். உங்கள் வீட்டுக் கூரை ஓட்டினால் ஆயதா, தகரத்தால் ஆயதா, கிடுகால் வேயப்பட்டதா? சுவர் கல்லா, மண்ணா? வீடு உங்களுக்குச் சொந்தமா? வானொலிப் பெட்டி உண்டா? தொலைபேசி உண்டா? இவ்வாறு ஒருவர் படிவத்தோடு வாயிலில் நின்று வினவினால், வரி விதிப்பதற்கோ, கிடைத்துவரும் உதவியை நிறுத்துவதற்கோ என்ற எண்ணமே முதலில் எழுகின்றது.

அந்த எண்ணம் முற்றிலும் காரணமற்றது என்று நான் சொல்லமாட்டேன். கேட்பவர் எதற்காகக் கேட்கின்றார் என்பதை அறிய விரும்புவது குடிமகனின் உரிமை. ஆயினும் வீட்டைப் பற்றிய கேள்வியும், செய்தி வந்து சேரும் வழியைப் பற்றிய கேள்வியும், ஆபத்து வேளையில் ஒரே கேள்வியாகி விடுகின்றன. புயலோ, வெள்ளமோ, மண்சரிவோ நெருங்கும்போது அறியவேண்டியவை இரண்டே. எச்சரிக்கை இந்த வீட்டை வந்தடையுமா? அடையாவிட்டால் இந்த வீடு தாங்குமா? இவ்விரண்டுக்கும் விடை ஆபத்து நாளிலே தேடத்தக்கதன்று. முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு மக்கள் செய்யவேண்டியது யாது, எழுதியதன் பின்னர் அரசு செய்யவேண்டியது யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலங்கையில் முறையான குடிசன மதிப்பு முதன்முதலாக 1871 ஆம் ஆண்டில் நடைபெற்றது. பத்தாண்டுக்கு ஒரு முறை எடுப்பது வழக்கமாயினும், போரும் பிற இடையூறுகளும் அந்த ஒழுங்கைப் பலமுறை குலைத்துள்ளன. அண்மைய மதிப்பு 2024 ஆம் ஆண்டுக்குரியது, அது பதினைந்தாவது. தொடக்கத்தில் ஆட்களை எண்ணுவதே முதன்மையான நோக்கமாயிருந்தது. பின்னர் வீடுகளும் எண்ணப்படலாயின. இன்று குடிசன மதிப்பும் வீட்டு மதிப்பும் இணைந்தே நடைபெறுகின்றன. சுவர், தரை, கூரை ஆகியவை எப்பொருளால் ஆயவை, குடிநீர் எங்கிருந்து வருகின்றது, விளக்கு எதனால் எரிகின்றது, மலசலகூடம் உண்டா என்பனவெல்லாம் பதியப்படுகின்றன. இதற்குப் புறம்பாக, சில ஆண்டுகளுக்கொரு முறை தெரிந்தெடுத்த வீடுகளிலே நடத்தப்பெறும் வருமான செலவின மதிப்பீட்டில் வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி முதலியவை உள்ளனவா என்றும் கேட்கப்படுகின்றது.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை வெறும் புள்ளிவிபரங்கள். ஆனால் 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி இரவில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நினைவிற் கொண்டு பாருங்கள். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் மாண்ட அந்தப் பேரழிவிலே வீடுகள் பெருந்தொகையாகச் சிதைந்தன, தென்னந்தோப்புக்கள் சாய்ந்தன. அத்தகைய காற்றின் முன்னே கிடுகுக் கூரை நிற்பதில்லை. இறுகக் கட்டப்படாத தகரம் தானே ஓர் ஆயுதமாகிப் பறக்கின்றது. வெள்ளம் வருமாயின் கூரையைவிடச் சுவரே முக்கியம். மண்சுவர் நீரில் ஊறி இருந்தாற்போற் சரிந்துவிடும். மலைச்சரிவிலோ கூரையும் சுவரும் எவ்வளவு உறுதியாயினும் பயன் சிறிதே. வீடு நிற்கும் இடமே உயிரை முடிவு செய்கின்றது. ஆகவே ஒரு பிரதேசத்தில் எத்தனை கிடுகு வீடுகள், எத்தனை மண்சுவர் வீடுகள், எத்தனை சரிவிலுள்ள வீடுகள் என்ற கணக்குக் கையில் இருப்பின், எத்தனை பேரை முன்னரே அப்புறப்படுத்த வேண்டும், எந்தப் பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைக்கவேண்டும், எத்தனை பேருக்கு உணவு சமைக்க வேண்டும் என்பதையெல்லாம் புயல் கடலில் இருக்கும்போதே தீர்மானிக்கலாம். கணக்கு இல்லையேல், காற்று அடங்கிய பின்னர் இடிபாடுகளை எண்ணுவதே மிஞ்சும்.

இனி, செய்தி சென்று சேரும் வழியைப் பார்ப்போம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறை நாள். அன்று காலை ஏறத்தாழ 7 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அதன் பேரலைகள் நம் கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தெற்குக்கும் மேற்குக்கும் அதனினும் கூடிய நேரம் இருந்தது. ஹவாய்த் தீவிலே உள்ள பசுபிக் சமுத்திர எச்சரிக்கை நிலையம் அதிர்ச்சியைச் சில நிமிடங்களுள் அறிந்துகொண்டது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு அக்காலத்தில் அத்தகைய ஏற்பாடு இருக்கவில்லை. அறிந்தவர்களுக்கு அறிவிக்கும் வழி தெரியவில்லை; அறியவேண்டியவர்கள் கடற்கரையிலே சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே நாளிலே, அதே அலையின் முன்னே, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் வேறொன்று நடந்தது. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலே தொழில் செய்து வந்தார். நிலநடுக்கச் செய்தியை அங்கே அறிந்த அவர் வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசினார். ஊரிலே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த ஒரு தகவல் நிலையம் இருந்தது. கடலின் நிலையை நாள்தோறும் மீனவருக்கு அறிவிப்பதற்கென அங்கே ஒலிபெருக்கியும் இருந்தது. ஊரவர் பூட்டை உடைத்து உள்ளே சென்று, அனைவரும் கரையைவிட்டு ஓடும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர். ஒரு தொலைபேசியும் ஓர் ஒலிபெருக்கியும் ஓர் ஊரைக் காத்தன. எந்த ஊரில் அவை உண்டு, எந்த ஊரில் இல்லை என்று அறிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அலை ஓய்ந்த பின்னரும் கணக்கின் தேவை ஓயவில்லை. வடகிழக்கின் பெரும்பகுதியில் 1981 ஆம் ஆண்டுக்குப் பின்னர் முழுமையான குடிசன மதிப்பு நடைபெற்றிருக்கவில்லை. 2001 ஆம் ஆண்டில் 25 மாவட்டங்களுள் 18 மாவட்டங்களில் மட்டுமே மதிப்பு முற்றுப்பெற்றது. மட்டக்களப்பும், திருகோணமலையும், முல்லைத்தீவும், யாழ்ப்பாணமும் முற்றாக எண்ணப்படாத மாவட்டங்களுள் அடங்கும். அலையின் பெருந்தாக்கத்துக்குள்ளான கரைகளுட் பல இவையே. நேற்று ஊரில் எத்தனை வீடுகள் நின்றன என்பதற்கு அண்மைக்காலக் கணக்கு இல்லாத நிலையில், இன்று எத்தனை வீடுகள் அழிந்தன என்று சொல்லவேண்டியதாயிற்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2005 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பாதிக்கப்பட்ட பகுதிகளிலே ஒரு தனிக் கணக்கெடுப்பை நடத்திற்று. முற்றாக அழிந்தது எது, குடியிருக்க இயலாதவாறு சேதமுற்றது எது, சேதமுற்றும் குடியிருக்கத் தக்கது எது என்று கட்டடங்கள் வகைப்படுத்தப்பட்டன. அந்த உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆயினும் பிள்ளைகளை இழந்து முகாமில் இருக்கும் ஒருத்தியிடம், உன் வீட்டுச் சுவர் எதனால் ஆயது என்று கேட்பதிலும் பார்க்க, அவள் வீட்டில் அவள் மகிழ்ந்திருந்த காலத்திலே கேட்டு வைப்பது நன்றல்லவா? வடக்கும் கிழக்கும் உட்பட நாடு முழுவதும் எண்ணப்பெற்றது 2012 ஆம் ஆண்டில்தான்.

இதுவரை தகவல் இல்லாமையால் நேரும் கேட்டைச் சொன்னேன். தகவல் இருந்தும் நேரும் கேடு அதனினும் கொடியது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மேலே மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுட் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளுட் சிலர் பெற்றோரில்லாதவராயினர். மாண்டவர் எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களில் ஒன்றுக்கொன்று முரணான எண்கள் வழங்கின. நூற்றுக்கணக்கானோர் என்றும் சொல்லப்பட்டது. பின்னர் அத்தொகை பெரிதும் குறைந்தது. அந்த லயங்களிலே அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்று உடனே எடுத்துச் சொல்லத்தக்க ஏடு எவர் கையிலும் இருக்கவில்லை.

அந்த மலையின் இயல்போ அறியப்படாததன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் அவ்விடம் ஆபத்தானது, குடியிருப்போரை அகற்றவேண்டும் என்று அறிவித்திருந்தது. ஆய்வு செய்தார்கள், எழுதினார்கள், அனுப்பினார்கள். அதன்பின் யார் அகற்றுவது, எங்கே கொண்டுபோய்க் குடியமர்த்துவது, நிலத்தை யார் கொடுப்பது என்ற இடத்திலே காரியம் நின்றுவிட்டது. ஒரு வாரமோ ஒரு மாதமோ அன்று. ஆண்டுகள் பல கழிந்தன.

தோட்டத்து மக்களின் வீட்டு நிலைமையை ஆராயாமல் இதனை விளங்கிக்கொள்ள இயலாது. லயத்துக் காம்பிராவிலே வாழ்பவருக்கு அந்தக் காம்பிரா சொந்தமன்று. அது நிற்கும் நிலமும் சொந்தமன்று. ஆகையால் ஆபத்து என்று அறிந்தாலும், தாமாகவே வேறிடம் பார்த்து வீடு கட்டிக்கொள்ள வழியில்லை. எத்தனையோ லயங்களில் வீட்டுக்கெனத் தனி இலக்கமோ முகவரியோ இல்லாமையால், கடிதங்களும் தோட்டத்துக் காரியாலயத்தின் மூலமே வந்து சேர்ந்தன. முகவரி இல்லாத வீட்டைக் கணக்கில் எழுதுவது கடினம். எழுதாத வீட்டுக்கு எச்சரிக்கை அனுப்புவது அதனினும் கடினம். இலக்கம் என்பது ஒரு சிறு தகரத் துண்டு என்று எண்ணவேண்டாம். இந்த வீடு உண்டு, இதனுள்ளே மனிதர் உண்டு என்று நாடு ஒப்புக்கொள்வதன் அடையாளம் அது.

மீரியபெத்தை நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. கணக்கெடுப்பின் பயன் கணக்கெடுப்போடு முடிவதில்லை. ஒரு குடும்பம் ஆபத்தான இடத்தில் இருக்கின்றது என்று அரசின் ஏட்டிலே எழுதப்பட்ட கணத்தில், அக்குடும்பத்தைக் காக்கும் கடன் அரசின்மேல் ஏறிவிடுகின்றது. அறியாமலிருந்தோம் என்று அதன் பின்னர் எவரும் சொல்ல இயலாது.

இப்பொழுது எச்சரிக்கை எவ்வாறு இயங்குகின்றது என்று சுருக்கமாகச் சொல்கின்றேன். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. புயலையும் மழையையும் வளிமண்டலவியல் திணைக்களம் கவனிக்கின்றது. மண்சரிவைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கவனிக்கின்றது. மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளை உடையது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேறிவிட வேண்டும். கடற்பேரலைக்கும் இன்று ஏற்பாடு உண்டு. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரக் கரை நாடுகளுக்கு அறிவித்தல் அனுப்புகின்றன. 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி அதிர்ந்தபோது, நம் கரையோர மக்கள் அறிவித்தலைக் கேட்டு உள்நாட்டுக்கு நகர்ந்தனர். அன்று அழிவலை வரவில்லை; ஆயினும் வழி திறந்திருந்தது என்பது தெரிந்தது.

ஆனால் தலைநகரிலிருந்து புறப்படும் செய்தி, மலையுச்சியிலுள்ள கடைசி லயத்தையும், தீவின் கோடியிலுள்ள கடைசிக் குடிசையையும் சென்று சேர்ந்தாலன்றி எச்சரிக்கை முற்றுப்பெற்றதாகாது. கைத்தொலைபேசிக் கோபுரம் மின்சாரத்தை நம்பியிருக்கின்றது. புயலில் முதலில் அறுவது மின்சாரமே. சிறு பற்றறியில் இயங்கும் வானொலிப் பெட்டி அந்த வேளையிலும் பேசும். மொழியும் ஒரு வழியே. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை வெறும் ஓசை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கி, மலைநாட்டில் மண்சரிவுகளால் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டபோது, தமிழில் அறிவித்தல்கள் உரிய வேளையிலே கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. ஆதலின் தமிழில் எச்சரிக்கை பெறுவது சலுகையன்று, உரிமை. ஒரு வீட்டில் எந்த மொழி பேசப்படுகின்றது, எந்த மொழி வாசிக்கப்படுகின்றது என்ற கேள்வியையும் இந்த நோக்கோடு பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

இனி, மக்களின் அச்சத்துக்கு வருவோம். அரசு சேர்க்கும் தகவல் இரு வகைப்படும். ஒன்று, குடிசன மதிப்புப் போன்றது. அதிலே உங்கள் பெயர் முக்கியமன்று, தொகையே முக்கியம். ஒருவர் தந்த விபரத்தை வெளியிடலாகாது என்று சட்டம் தடுக்கின்றது; கணக்கெடுப்பவர் அதற்குக் கட்டுப்பட்டவர். மற்றொன்று, கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் ஆபத்துக் காலத்துக்கென வைத்திருக்கும் பட்டியல். அதிலே பெயர் இன்றியமையாதது. எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கின்றார், எந்த வீட்டிற் கர்ப்பிணி இருக்கின்றாள், எந்த வீட்டிற் காது கேளாதவர் இருக்கின்றார் என்று பெயர் சொல்லி அறிந்தாலன்றித் தூக்கிச் செல்ல ஆள் அனுப்ப முடியாது. ஆகவே படிவத்தோடு வருபவரிடம், இது எந்த வகையைச் சேர்ந்தது, யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று மரியாதையோடு கேளுங்கள். அவ்வாறு கேட்பது குற்றமன்று. விடை சொல்வது அவர் கடமை.

இந்தக் கேள்வியைச் சட்டமாகவே ஆக்கிவைத்த நாடும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1980 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1995 ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பெற்ற ஒரு சட்டத்தின்படி, மத்திய அரசின் திணைக்களம் ஒன்று பொதுமக்களிடம் ஒரு படிவத்தை நீட்டுமுன் அதனைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கின்றோம், யாரிடம் கேட்கின்றோம், விடை எழுத எவ்வளவு நேரம் செல்லும் என்று கூறி, 60 நாட்கள் மக்களின் கருத்துக்குக் காத்திருக்க வேண்டும். பின்னர் மேலிட ஆய்வுக்கு அனுப்பும்போது இன்னும் 30 நாட்கள் கருத்துக்கு இடமளிக்க வேண்டும். அனுமதி பெற்ற படிவத்தில் ஓர் இலக்கம் பொறிக்கப்படும். அவ்விலக்கமில்லாத படிவத்துக்கு விடையளிக்கவில்லை என்று எவரையும் தண்டிக்க இயலாது. அவசர அறிவித்தல்களைப் பற்றி வானொலி நிலையங்களிடம் கேட்கும் படிவமும், இரண்டாண்டுக்கொரு முறை வீடுகளின் நிலையைக் கேட்டறியும் மதிப்பீடும் இந்த வாயிலினூடாகவே அங்கே செல்கின்றன. கேட்பவனுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு என்னும் இந்த எண்ணம் எந்த நாட்டுக்கும் ஏற்றதே.

நம் நாட்டிலும் குடிமகன் கையில் ஒரு கருவி இருக்கின்றது. அது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதுவரை அரசு கேட்க நாம் சொன்னோம். இச்சட்டத்தின் கீழ் நாம் கேட்க அரசு சொல்லவேண்டும். எங்கள் குடியிருப்பின் மேலுள்ள மலையை ஆராய்ந்தீர்களா? அறிக்கை என்ன கூறுகின்றது? அகற்றவேண்டிய குடும்பங்கள் எத்தனை? அவற்றுள் இன்றுவரை எத்தனைக்கு மாற்றிடம் கொடுத்தீர்கள்? இவற்றை எழுத்து மூலம் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுள் முடிவு அறிவிக்க வேண்டும்; மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் ஆணைக்குழுவுக்கும் செல்லலாம். மாதர் சங்கமோ, வாசிகசாலையோ, கோயிற் சபையோ ஒன்றுகூடி இக்கேள்வியை விடுக்குமாயின், ஓர் அறிக்கை தூசி படிந்து கிடப்பது அவ்வளவு எளிதாகாது.

நேயர்களே, முடிவாகச் சில சொல்ல விரும்புகின்றேன். கணக்கெடுப்பவர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கிடுகுக் கூரையை ஓட்டுக் கூரை என்று பெருமைக்காகச் சொன்னால், ஆபத்து நாளில் உங்களை அகற்றுவோர் பட்டியலிலிருந்து உங்களை நீங்களே நீக்கிக்கொண்டவராவீர்கள். கூடுதலான உதவியை எண்ணி இல்லாதவரை இருப்பவராகச் சொன்னால், அயல்வீட்டுக் குழந்தைக்கு உரிய இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டவராவீர்கள். வீட்டிலே ஒரு சிறு வானொலிப் பெட்டியும் மாற்றுப் பற்றறியும் வைத்திருங்கள். மலைப்பகுதியில் வாழ்பவர்கள், பக்கங்கள் நேரான ஒரு வெறும் தகரப் பேணியை வெட்டவெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே வேளையில் உள்ளிருக்கும் நீரை அளவுகோலால் அளந்து ஊற்றிவிடுங்கள். ஏழரைச் சென்ரிமீற்றர் என்றால் அதுவே 75 மில்லிமீற்றர். விழித்திருக்க வேண்டிய அளவு. நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ, மரங்கள் சாயக் கண்டாலோ, தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கக் கண்டாலோ, எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் வெளியேறி, பாதுகாப்பான இடத்திலிருந்து 117 க்கு அறிவியுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை கோலு என்பது நம் முன்னோர் சொல். அணை கட்டுவதற்கு முன்னே ஆற்றின் அகலத்தை அளக்கவேண்டும். வாயிலில் வந்து கேட்கும் கேள்விகள் அந்த அளவையைப் போன்றவை. அளப்பதற்கு இடங்கொடுப்பது நம் பங்கு. அளந்த பின்னர் அணையைக் கட்டாமல் விடுவாராயின், ஏன் கட்டவில்லை என்று கேட்பதும் நம் பங்கே.